ஏறுவோர்க்கு ஒரு திகதி வேண்டும்

அண்மையில் கண்டி நகரத்து வணிகர் ஒருவர் ஒரு கட்டுக் கடதாசிகளைச் சுமந்துகொண்டு எம்மிடம் வந்தார். பரம்பரையாக நடத்திவரும் துணிக்கடையை ஐந்து தளங்களாக உயர்த்தியிருக்கிறார். வாடிக்கையாளர் ஏறுவதற்கு ஒரு மின்தூக்கி, பொதிகள் ஏறுவதற்கு இன்னொரு மின்தூக்கி என்று இரண்டை வெளிநாட்டிலிருந்து தருவித்தும் விட்டார். “ஐயா, சாமான் வந்து மூன்று மாசம் ஆச்சு, கடதாசிதான் இன்னும் வரவில்லை” என்பது அவருடைய முறைப்பாடு. அனுமதியை விரைவுபடுத்த ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டார், எழுதிக் கொடுத்தோம். அவர் போன பிறகும் அந்தக் கட்டு எம் மனத்தை விட்டுப் போகவில்லை.

மின்தூக்கி ஓடத் தொடங்குமுன் காட்டவேண்டிய சான்றுகளும் விண்ணப்பங்களும் வரைபடங்களுமாக அதில் இருபதுக்கு மேற்பட்ட கடதாசிகள் இருந்தன. ஓடத் தொடங்கிய பின்னர் அதை யார் வந்து பார்ப்பார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார், பழுது கண்டால் யார் நிறுத்துவார் என்று சொல்லும் கடதாசி ஒன்றேனும் இல்லை. விற்ற கம்பனியின் ஓராண்டுப் பராமரிப்பு உறுதிமொழி மட்டும் அடியில் கிடந்தது. அதுவும் ஆங்கிலத்தில், மூக்குக் கண்ணாடி அணிந்தாலும் வாசிக்க இயலாத பொடி எழுத்தில்.

முன்னே இருபது, பின்னே ஒன்றுமில்லை. இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றியே இவ்வாரம் எழுதுகிறோம்.

முன்னே கேட்கப்படும் சான்றுகள் வேண்டாதவை என்று கூறுவார் நாமல்லேம். கண்டி சமதரையில் பரந்த ஊரன்று. குன்றுகளின் மடியில் ஏரியைச் சுற்றி நெருங்கிக் கட்டிய ஊர். மின்தூக்கிக்கு நிலமட்டத்தின் கீழ் ஒரு குழி வெட்டவேண்டும். சரிவில் வெட்டும் குழி அயல்வீட்டின் அத்திவாரத்தையும் கேள்விக்குள்ளாக்கும். ஆகவேதான் நிலச்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைப் பெறவேண்டும் என்று 2011 முதல் சுற்றறிக்கை இருக்கிறது. அடுத்து, 1988இல் உலக மரபுரிமை நகரமாகப் பதியப்பட்டது கண்டி. தலதா மாளிகையைச் சூழ்ந்த பகுதியில் கட்டிடத்தின் உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பழைய முறை மின்தூக்கிக்குக் கூரையின் மேல் ஓர் இயந்திர அறை எழும்பும்; அது உயரக் கணக்கில் சேருமா, சேராதா என்பதில் கட்டிடக் கலைஞரும் உத்தியோகத்தரும் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொள்வர். தனி இயந்திர அறை வேண்டாத மின்தூக்கிகள் 1990களில் வந்தபின் அந்தச் சச்சரவு சற்றே தணிந்திருக்கிறது. இவற்றோடு 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம், தீயணைப்புப் பிரிவின் சான்று, மின் இணைப்பு, எல்லாம் முடிந்தபின் இணக்கச் சான்றிதழ்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்போர் பூவெலிகடையை நினைத்துப் பார்க்கட்டும். 2020 செப்டம்பர் 20ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை விடியற்பொழுதில், கண்டி பூவெலிகடையில் ஓர் ஐந்து மாடிக் கட்டிடம் சரிந்து அருகிருந்த வீட்டின்மேல் விழுந்தது. தந்தை, தாய், பிறந்து சில வாரங்களேயான குழந்தை மூவரும் மாண்டனர். விசாரணை நடந்தது, அறிக்கைகள் வந்தன. அன்று காலைவரை அக்கட்டிடம் வீதியில் போவோர் கண்ணுக்கு ஏனைய கட்டிடங்களைப் போலவே நின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் பிளந்தபோது மிகுந்த உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டங்களில் கண்டி முன்னின்றது. மண்ணையும் சுவரையும் பார்த்துச் சான்று கொடுக்கும் உத்தியோகத்தரை இந்த ஊரில் யாரும் இடையூறு என்று சொல்லத் துணியார்.

வணிகரின் முறைப்பாட்டிலும் நியாயம் இருக்கிறது. மின்தூக்கி கடையில் வாங்கி வந்து மாட்டும் மின்விசிறியன்று. மேசன் தூக்குக்குண்டு பிடித்துச் சுவரை நேராகக் கட்டாவிட்டால் வழித்தண்டவாளம் நிற்காது. தண்டவாளம் நில்லாமல் கூண்டு ஏறாது. கூண்டு ஏறாமல் கதவுகளைப் பொருத்த முடியாது. கதவு பொருந்தி, நிலையான மின்சாரம் வந்து, நிறை ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகுதான் பரிசோதகரை அழைக்கலாம். இந்தச் சங்கிலியில் ஒரு கந்தோர் ஒரு வாரம் தவறினால் அடுத்தது ஒரு மாதம் தவறும். ஓர் உத்தியோகத்தர் வரும் நாளில் மற்றவர் விடுமுறையில் இருப்பார். எசல பெரஹரா நாட்களில் நடுநகர வீதிகள் மூடப்படும். எந்திரப் பெட்டியை ஏற்றிவந்த லொறி கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலோ கெட்டம்பேயிலோ காத்துக் கிடக்கவேண்டும். 2022இல் ஒரு டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறியதையும், வங்கிகள் நாணயக் கடிதம் திறக்க மறுத்ததையும், ஒரே நாளில் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றதையும் வணிகர்கள் மறந்துவிடவில்லை. கடன் வாங்கிக் கட்டியவனுக்கு வட்டி விடுமுறை எடுப்பதில்லை.

அவசரம் எங்கே கொண்டுபோய் விடுகிறது? தீபாவளியோ சித்திரைப் புத்தாண்டோ நெருங்கும். மேல்தளத்தைத் திறந்தாக வேண்டும். இணக்கச் சான்றிதழ் கைக்கு வராதபோதும், “சனம் ஏறுவதில்லை, பொதிதான் ஏறுகிறது” என்று சொல்லிப் பொதித்தூக்கியை ஓடவிடுவார்கள். பொதி தானாக ஏறி, தானாக இறங்கி, தானாக அலுமாரியில் அமர்ந்துகொள்ளுமா? அதோடு ஒரு பையன் ஏறுகிறான். கலஹாவிலிருந்தோ, புசல்லாவையிலிருந்தோ, தெல்தோட்டையிலிருந்தோ பஸ்ஸில் வந்து காலை எட்டு மணிக்குக் கடை திறக்கும் தோட்டத்துப் பிள்ளை அவன். அவனைச் சனம் என்று எண்ணாத கணக்கு எந்தச் சட்டத்தில் இருக்கிறது? 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம், இணக்கச் சான்று கிடைக்கும்வரை புதிய கட்டிடத்தில் காவற்காரனைத் தவிர எவரும் இருக்கலாகாது என்று கூறுகிறது. நூறாண்டுக்கு முந்திய அந்த விதிவிலக்கிலும் ஏழையின் தலைதான் உருளுகிறது என்று ஒரு நண்பர் நகைத்தார். நகைப்பு ஒருபுறம் இருக்க, அந்தச் சட்டமேனும் சான்று இல்லாத கட்டிடத்தைத் திறக்காதே என்று தெளிவாகச் சொல்கிறது. சான்று வந்த மறுநாள் தொடங்கிச் சட்டம் ஊமையாகிவிடுகிறது என்பதுதான் எமது வழக்கு.

முற்றிலும் ஊமை என்றும் சொல்வதற்கில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் மின்தூக்கி பற்றிய விதிகள் உள்ளன. உறுதியான கட்டுமானம், ஒழுங்கான பராமரிப்பு, குறித்த கால இடைவெளியில் தகுதியுடையோரின் முழுமையான பரிசோதனை என்று அது கட்டளையிடுகிறது. ஆனால் அதன் பெயரே அதன் எல்லை. ஒரு பொருளை ஆக்குவதோ, மாற்றுவதோ, செப்பனிடுவதோ, விற்பனைக்கேற்பச் சீராக்குவதோ கைத்தொழிலாக நடக்கும் இடமே தொழிற்சாலை. எம் வணிகருடைய நான்காம் மாடியில் பத்துத் தையல் இயந்திரங்களைப் போட்டால் அந்த மின்தூக்கியைச் சட்டத்தின் கண் பார்க்கத் தொடங்கும். அதே மாடியில் தைத்த சட்டைகளை மடித்து விற்றால் கண் மூடிக்கொள்ளும். கம்பிவடத்துக்கு இந்த வேறுபாடு தெரியுமா? 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் கடைச் சிப்பந்தியின் வேலைநேரத்தையும் விடுமுறையையும் சம்பளத்தையும் பேசுகிறது; அவன் ஏறும் கூண்டைப் பற்றிப் பேசவில்லை. மின்தூக்கிக்கென்று தனிச்சட்டம் இந்நாட்டில் இல்லை.

தொடக்கத்தில் ஒருமுறை பார்த்தால் போதாதா என்று கேட்போருக்கு மின்தூக்கியின் கதையைச் சிறிது சொல்லவேண்டும். வடம் அறுந்தால் கூண்டு விழுமே என்ற அச்சத்தினால் மனிதர் அதில் ஏறத் தயங்கியிருந்த காலம் ஒன்று உண்டு. 1854இல் நியூயோர்க் கண்காட்சியொன்றில் எலிசா ஓடிஸ் என்பவர் உயரத்தில் ஒரு மேடைமீது தாமே நின்றுகொண்டு, அதைத் தாங்கிய வடத்தை எல்லோரும் காண வெட்டச் செய்தார். மேடை விழவில்லை, பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்வும் பற்றுக்கருவி அதைப் பிடித்து நிறுத்தியது. மூன்றாண்டில் அதே நகரத்துக் கடையொன்றில் ஆட்களை ஏற்றும் மின்தூக்கி ஓடலாயிற்று. (அது அப்போது நீராவியால் ஓடியது, ‘மின்’ பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.) முதலில் அது ஏறியதும் ஒரு கடையில்தான் என்பதைக் கவனிக்க.

இன்றும் பாதுகாப்பின் உயிர்நாடி அத்தகைய கருவிகளே. வேகம் மிஞ்சினால் கவ்வும் பற்றுக்கருவி, மின்சாரம் போனால் தானே இறுகும் தடை, கூண்டு வந்து நின்றாலன்றித் திறக்காத கதவுப்பூட்டு ஆகியவை சரியாக இருக்கும்வரை வடம் அறுந்து விழுவது அரிதிலும் அரிது. இவை யாவும் தேயும் பொருள்கள். தடைப்பட்டி தேயும், வடத்தின் இழை ஒவ்வொன்றாக அறும், கதவுப்பூட்டில் தூசும் துருவும் ஏறும். மழையும் பனியீரமும் நிறைந்த மலைநகரில் குழிக்குள் நீர் ஊறும். கூண்டு இல்லாத தளத்தில் கதவு திறந்துகொள்ள, இருட்டில் கால்வைத்தவன் குழியில் விழுவதே எங்கும் நடக்கும் கொடிய விபத்து. பொதித்தூக்கியில் இது இன்னும் எளிது. கதவை நிறுத்தி வைக்கப் பொதியின் கயிற்றைக் கட்டிவிடுகிறார்கள். பூட்டு நாளடைவில் பழகிப்போய் எதற்கும் இணங்கிவிடுகிறது. முதல் நாள் வந்த பரிசோதகர் இதில் எதையும் கண்டிருக்க முடியாது, ஏனெனில் முதல் நாளில் இதில் எதுவும் இல்லை.

சென்ற ஆண்டு நாமே ஏறிய ஒரு மின்தூக்கியின் சுவரில் பராமரிப்பு அட்டை ஒன்று தொங்கியது. மாதந்தோறும் கையொப்பம் இடுவதற்குக் கட்டங்கள் இருந்தன. கடைசிக் கையொப்பத்துக்குப் பின் ஏழு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. எட்டுப் பேர் என்று எழுதிய கூண்டில் பதினொரு பேர் நின்றோம். கடைக்காரரை நாம் குறை கூறப்போவதில்லை; இடத்தையும் பெயரையும் எழுதப்போவதில்லை. அந்த அட்டையைப் பார்க்கும் கடமை யாருக்கு உண்டு என்று அவரைக் கேட்டோம். “கம்பனிக்காரர் பார்ப்பார்” என்றார். கம்பனிக்காரரே பொருத்தி, கம்பனிக்காரரே பராமரித்து, கம்பனிக்காரரே பரிசோதித்துக் கையொப்பமும் இடுகிறார். வாதியும் நீதிபதியும் ஒருவரேயான நீதிமன்றத்தை இருபது ஆண்டு வழக்குரைத்தும் நாம் கண்டதில்லை.

பெரஹரா இரவுகளில் வீதியோரக் கட்டிடங்களின் மேல்மாடி ஆசனங்கள் விலைக்குப் போவதை ஊரறியும். ஒரு மணிநேரத்தில் நூற்றுக்கணக்கானோர் மேலேறி, யானைகள் சென்று முடிந்ததும் ஒரே வேளையில் இறங்குவர். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் நின்றதாக அமைச்சரே கூறினார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்லவேளை, பெரஹரா இரவன்று. குரங்குகளுக்குக் கண்டியிலும் குறைவில்லை. அத்தகைய இரவில் இரு தளங்களுக்கிடையே நிற்கும் கூண்டின் கதவைத் திறக்கப் பயிற்சி பெற்றவர் அக்கட்டிடத்தில் யாரேனும் உண்டா என்பதையும் பரிசோதனை கேட்கவேண்டும்.

மின்தூக்கியே ஒரு சொகுசு, படியேறிப் போகட்டும் என்பாரும் உளர். 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டிடங்கள் யாவும் மூன்றாண்டுக்குள் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கவையாக வேண்டும் என்றன. அந்த விதிகள் ஏட்டிலே உறங்கின. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் சென்றார். 2011 ஏப்ரல் 27ஆம் திகதி நீதிமன்றம் அவ்விதிகளைக் கட்டாயம் பின்பற்றப் பணித்தது. ஆகவே மாடிகளுள்ள பொதுக் கட்டிடத்தில் மின்தூக்கி என்பது உரிமையின் ஒரு கூறாகிவிட்டது. பேராதனை மருத்துவமனைக்கு வரும் நோயாளியும், மேல்மாடி வங்கிக்கு ஓய்வூதியம் பெறப்போகும் முதியவரும் அதை நம்பியே ஏறுகிறார்கள். ஏறத்தக்கதாக இருப்பது மட்டும் போதாது. ஏறியவர் இறங்கவும் வேண்டும்.

அயலாரைப் பார்ப்போம். பம்பாய் மாகாணம் 1939இலேயே மின்தூக்கிகளுக்கென்று சட்டம் இயற்றியது. தமிழ்நாடு 1997இல் இயற்றியது. அங்கே பொருத்துவதற்கு ஓர் அனுமதி, ஓட்டுவதற்கு வேறொரு உரிமம். பார்ப்பவர் அரசின் மின் ஆய்வுத் துறையினர். பிரித்தானியாவில் 1998ஆம் ஆண்டு விதிகளின்படி வேலையிடங்களில் ஆட்களை ஏற்றும் மின்தூக்கியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுடையவர் முழுமையாக ஆராயவேண்டும். ஹொங்கொங்கில் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் பாவனை அனுமதிப்பத்திரத்தைக் கூண்டுக்குள்ளேயே தொங்கவிடச் சொல்கிறது. சிங்கப்பூரிலும் 2016 முதல் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அனுமதி கூண்டில் காணக் கிடைக்கிறது. இவர்கள் கண்டுபிடித்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. பரிசோதனை ஒரு நாளோடு முடிவதில்லை என்பதையும், அதன் திகதியைக் காணும் உரிமை ஏறுபவனுக்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டார்கள்.

திகதி எந்த மொழியில்? இங்கேதான் எம்மைப் போன்றோர் தனியாக வாய்திறக்க வேண்டியிருக்கிறது. வணிகரின் கட்டில் மாநகர சபையும் ஏனைய கந்தோர்களும் அனுப்பிய கடிதங்கள் அனைத்தும் சிங்களத்தில் இருந்தன. அவர் சிங்களம் பேசுவார்; வாசிக்க மாட்டார். ‘இத்தனை நாளுக்குள் குறையைத் திருத்துக’ என்ற அறிவித்தல் ஒன்று ஆறு வாரம் மேசையில் கிடந்து காலாவதியாகியிருந்தது. தாமதத்தில் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் எமக்கும் அவருக்கும் விளங்கிற்று. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. 1988இல் பதினாறாம் திருத்தம், சிங்களத்தில் ஆட்சி நடக்கும் பகுதியிலும் எந்த உத்தியோகத்தரோடும் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளவும், தமிழில் மறுமொழி பெறவும் 22ஆம் உறுப்புரையில் உரிமை தந்தது. கண்டி அந்த உறுப்புரைக்குப் புறம்பான தீவன்று. சலுகையாக இதை நாம் கேட்கவில்லை. பாதுகாப்பு அறிவித்தல் விளங்கவில்லையென்றால் அது அறிவித்தலே ஆகாது. குழியருகே தொங்கும் ‘ஏறாதே’ என்ற பலகை தோட்டத்துப் பிள்ளைக்கு விளங்கும் எழுத்தில் இல்லையென்றால் பலகைக்கும் சுவருக்கும் வேறுபாடு என்ன?

புதிய பரிசோதனை என்றால் புதிய கையூட்டு என்பார்கள். எம் வணிகரே அப்படித்தான் சொன்னார். இந்த அச்சம் பொய்யென்று நாம் வாதாட மாட்டோம். மூடிய கோப்புக்குள் நடக்கும் பரிசோதனைக்கே கையூட்டு இடமாகும். கூண்டின் சுவரில், மூன்று மொழியிலும், கடைசியாகப் பார்த்த திகதியும் அடுத்துப் பார்க்கவேண்டிய திகதியும் பார்த்தவரின் பெயரும் எழுதித் தொங்கினால், நாளுக்கு நூறு பேர் அந்த உத்தியோகத்தரை மேற்பார்வை செய்வார்கள். தொடக்க அனுமதியின் தாமதத்துக்கும் மருந்து இதன் அருகிலேயே இருக்கிறது. தீயணைப்புப் பிரிவு, மின்சாரம், மாநகரப் பொறியியற் பகுதி ஆகிய மூவரும் வெவ்வேறு கிழமைகளில் வராமல் ஒரே நாளில் சேர்ந்து வரட்டும். அந்த நாளை விண்ணப்பம் ஏற்கும் அன்றே எழுதிக் கொடுக்கட்டும். சான்று நேரத்துக்கு வந்தால் சான்றில்லாமல் ஓட்டும் ஆசையும் குறையும்.

பாராளுமன்றம் சட்டம் இயற்றும்வரை மாநகர சபை காத்திருக்கத் தேவையில்லை. தான் கொடுக்கும் அனுமதிக்கு நிபந்தனை விதிக்க அதனால் முடியும். உபவிதி இயற்றும் அதிகாரமும் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தில் உண்டு. 2023 மார்ச் முதல் இரண்டாண்டுக்கு மேலாக நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினரே இருக்கவில்லை. கேள்வி கேட்பதற்கும் ஆளில்லை, பதில் சொல்வதற்கும் ஆளில்லை. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலின் பின் கண்டி மக்களுக்கு மறுபடி ஒரு சபை இருக்கிறது. எக்கட்சியினராயினும் அவர்கள் நாள்தோறும் ஏறி இறங்கும் மின்தூக்கிகளைப் பற்றியே கேட்கிறோம்.

ஆகவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழில் ஒரு விண்ணப்பத்தை இவ்வாரம் மாநகர சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு அனுப்புகிறோம். நகர எல்லைக்குள் வணிகக் கட்டிடங்களில் எத்தனை மின்தூக்கிகள் உள்ளன? அவற்றுள் எத்தனை பொதித்தூக்கிகள்? இணக்கச் சான்று கொடுத்த பின் அவற்றை எந்த உத்தியோகத்தர், எந்தத் திகதியில் பார்த்தார்? இந்த மூன்றே கேள்விகள். தீர்மானத்தை அறிவிக்கச் சட்டம் பதினான்கு வேலைநாள் கொடுக்கிறது. வரும் விடையை இதே பக்கத்தில் அச்சிடுவோம். விடை வராவிட்டால், வராத நாட்களை எண்ணி அச்சிடுவோம்.